மொச்சை கழுவின தண்ணீர்

மார்க்கையன்கோட்டை
4.9.2022

அன்பு நாத்தனார் மாரீஸ்வரிக்கு,

மதினி ராஜாத்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணனும் மதன்குமாரும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் திரிஷாவும் சுகந்தானே? மலைக் குளிருக்கு உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடுதாசி என்று நினைப்பாய். வண்டன்மேட்டில் மழை பெய்தால் உங்கள் எஸ்டேட்டுக்கு டவர் கிடைப்பதில்லை. கிடைக்கிற அன்று உன் அண்ணன் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் பேரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதனால்தான் காகிதம். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. எதிர்த்தெரு மகாலட்சுமி டெய்லர் கடைக்கு எழுது, அவள் கொடுத்துவிடுவாள்.

விசயம் இதுதான். வருகிற பொங்கலுக்கு நீ வர வேண்டும். நம் வீட்டு வழக்கம் உனக்கே தெரியும். பொங்கல் பானையில் கை வைப்பவள் வாக்கப்பட்டு வந்தவள். ஏழு காய்க் குழம்பில் கை வைப்பவள் அந்த வீட்டில் பிறந்தவள். உன் அம்மா இருந்தபோதும் குழம்பை உன் அத்தைதான் வந்து வைத்தார்கள். நீ வராவிட்டால் இந்த வருசம் எங்களுக்கு வெறும் பொங்கல்தான். ஆயிரம் பேருக்குக் கல்யாணச் சமையல் செய்கிற உன் அண்ணன்கூட அந்தக் குழம்புச் சட்டியைத் தொடமாட்டார். நானும் தொடமாட்டேன். கோபத்தை மலையிலேயே வைத்துவிட்டு இறங்கி வா.

இப்படிக்கு, உன் நல்லதையே நினைக்கும்
ராஜாத்தி


வண்டன்மேடு
19.9.2022

மதிப்புக்குரிய மதினிக்கு,

மாரீஸ்வரி எழுதுவது. நாங்கள் சுகம். முழங்கால் வலி இருக்கிறது, அது என்னைவிட்டு எங்கே போகப் போகிறது. இவர் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலேயே கிடக்கிறார், காய் எடுப்பு மும்முரம். திரிஷா பிளஸ் டூ படிக்கிறாள்.

பொங்கலுக்கு வரச் சொல்கிறீர்கள். போன பொங்கலை மறந்துவிட்டீர்கள் போல, நான் மறக்கவில்லை. பந்தியில் இவர் இருந்தார், இவருடைய தம்பி இருந்தார், என் புகுந்த வீட்டு ஆட்கள் இருந்தார்கள். அண்ணன் ஒரு வாய் எடுத்து வைத்தார். "என்ன தாயி இது, குழம்பா, மொச்சை கழுவுன தண்ணியா?" என்று கேட்டுவிட்டு இலையை மூடி எழுந்து போனார். ஊரே பாராட்டுகிற கர்ணன் மாஸ்டர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் உண்டா? இவருடைய தம்பி இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது, "மதினி, இன்னைக்கு எதைக் கழுவுனீங்க?" என்று கேட்டுத்தான் உட்காருகிறார்.

அன்றைக்கு அந்தக் குழம்பை நீங்களும் சாப்பிட்டீர்கள். எல்லாரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டீர்கள். ஒருத்தர் வாயிலிருந்தாவது "நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு வார்த்தை வந்ததா? நீங்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டீர்கள் மதினி. அதுதான் எனக்கு அண்ணன் பேச்சைவிட வலித்தது.

நான் வரமாட்டேன். மொச்சையைக் கழுவுங்கள், அந்தத் தண்ணீரை ஊற்றிச் சாப்பிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மாரீஸ்வரி


மார்க்கையன்கோட்டை
9.10.2022

அன்புள்ள மாரீஸ்வரிக்கு,

உன் கடிதத்தை மகாலட்சுமி கடையில் தையல் மிஷினுக்குப் பின்னால் நின்று படித்தேன். எல்லாரும் சுகம். பெரியாற்றுத் தண்ணீர் தட்டில்லாமல் வருகிறது, வயல் பச்சென்று கிடக்கிறது.

நீ கேட்டது நியாயம். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் திறக்கவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத காரணத்தை ஏன் சொல்லவருகிறாய் என்று நீ திட்டுவாய், திட்டிக்கொள்.

எனக்கு இப்போது வீட்டில் உட்கார நேரமில்லை. உன் அண்ணன் போகிற கல்யாண வேலைக்கெல்லாம் நானும் கூடவே போகிறேன். மதன்குமார் சிரிக்கிறான், "அம்மா, நீங்க மாஸ்டரா, அப்பா மாஸ்டரா?" என்று. வருகிற முகூர்த்தம் லோயர் கேம்பில். அலைச்சல்தான், ஆனால் போகாமல் இருக்க முடியாது.

தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் சுட்டு வைக்கிறேன். உன் வீட்டுக்காரர் கீழே வந்தால் கொடுத்துவிடுகிறேன். நீ வராவிட்டாலும் அவரையாவது அனுப்பு. மச்சினனும் மாப்பிள்ளையும் முகம் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் மதினி


வண்டன்மேடு
1.11.2022

அன்புள்ள மதினிக்கு,

அனைவரும் சுகம். அதிரசம் வந்து சேர்ந்தது, பாகு பதமாக இருந்தது. கல்யாண வேலைக்குக் கூடவே போகிறீர்களாமே, அண்ணன் மேல் அவ்வளவு சந்தேகமா என்று கிண்டலாகத்தான் எழுத நினைத்திருந்தேன். இப்போது கிண்டல் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் இவர் உங்கள் வீட்டுக்கு வந்தாரே, அப்போது ஒரு கிலோ ஏலக்காய் கொண்டுவந்தார். ஸ்டோரில் உலர்ந்து இறங்கிய சூட்டோடு செய்தித்தாளில் கட்டியது. கம்பம்மெட்டு இறங்கும் ஜீப்பில் டிரைவர் கேட்டிருக்கிறார், "ஏலக்காயா சேட்டா?" என்று. சின்னமனூர் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டிருக்கிறார். முன் சீட்டுக் குழந்தைகூடத் திரும்பிப் பார்த்ததாம். அண்ணன் மட்டும் அந்தப் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இதுல என்ன மாப்ளே இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்க அண்ணன் என்னைய நக்கல் பண்ணுறாக" என்று இவர் வந்ததிலிருந்து பொருமிக்கொண்டிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்க்காலில் குளித்துவிட்டு வரும்போதே எந்த வீட்டில் கருவாடு, எந்த வீட்டில் சாம்பார் என்று சொல்லுகிற மனுசன் அண்ணன். சின்ன வயதில் நான் சீனி டப்பாவைத் திறந்தால் அடுத்த அறையிலிருந்து சத்தம் போடுவார். அவர் ஏலக்காய்ப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என்ன என்று கேட்கிறார்.

மதினி, ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அண்ணனுக்கு வாசனை தெரிகிறதா, இல்லையா?

பதில் எழுதுங்கள்.
மாரீஸ்வரி


மார்க்கையன்கோட்டை
27.11.2022

அன்பு மாரீஸ்வரிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதினாயா, எழுதினாயா என்று மகாலட்சுமியே கேட்டு அலுத்துவிட்டாள். எழுதி எழுதிக் கிழித்தேன்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சுருளி வேலப்பர் கோயிலில் உன் அண்ணனுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒருத்தர் தானாகக் கண்டுபிடித்துக் கேட்டால் இல்லை என்று பொய் சொல்வதாகச் சத்தியம் பண்ணவில்லை. வேலப்பர் என்னைக் கோபித்தால் கோபிக்கட்டும்.

வாசனை தெரியவில்லை மாரீஸ்வரி. போன வருசம் கொரோனா வந்து தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அப்போது போனது. காய்ச்சல் போனது, இருமல் போனது, வாசம் மட்டும் திரும்பவில்லை. நாக்கில் உப்பும் இனிப்பும் அரைகுறையாகத் தெரிகிறது, மற்றதெல்லாம் தவிட்டைத் தின்கிற மாதிரிதானாம். வெளியே தெரிந்தால் யார் ஆர்டர் கொடுப்பார்கள்? மூக்கும் நாக்கும் இல்லாத மாஸ்டரிடம் யார் மகள் கல்யாணத்தை ஒப்படைப்பார்கள்? அதனால்தான் நான் கூடவே போகிறேன். அண்டா பக்கத்தில் நின்று நான் காதைச் சொறிந்தால் உப்பு பத்தவில்லை என்று அர்த்தம். முந்தானையை இழுத்துச் செருகினால் உப்பு போதும் என்று அர்த்தம். லோயர் கேம்ப் கல்யாணத்தில் எனக்கு நிஜமாகவே காது அரித்துவிட்டது. அன்றைக்குச் சாம்பார் கடல் தண்ணீர்தான். நல்லவேளை, மாப்பிள்ளை வீட்டார் தண்ணீர் குடித்தே பந்தியை முடித்துவிட்டார்கள்.

இப்போது போன பொங்கல் விசயத்துக்கு வருகிறேன். எத்தனையோ வைத்தியம் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. "எதுல வந்தாலும் வராட்டாலும் மாரீஸ்வரி குழம்புல வந்துரும் பாரு. அது நம்ம வீட்டு வாசம்" என்று மார்கழி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ இலையில் ஊற்றியபோது அவர் குனிந்து மூச்சை இழுத்ததை நான் பார்த்தேன். ஒரு வாய் வைத்தார். ஒன்றுமே இல்லை. அந்த ஏமாற்றத்தைத்தான் உன் தலையில் கொட்டிவிட்டு எழுந்து போனார். கொல்லையில் போய்ப் பம்புசெட்டைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதார். குழம்பு நல்லாத்தானே இருக்கு என்று நான் சொல்லியிருந்தால், மனுசன் எல்லார் முன்னாடியும் உடைந்திருப்பார். அதனால் தலையைக் குனிந்தேன். உன்னை விட்டுக்கொடுத்துவிட்டு அவரைக் காப்பாற்றினேன்.

உனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியவேண்டாம். இனி கீழே எது கொடுத்துவிட்டாலும் பொட்டலத்தின் மேல் பொருளின் பெயர் எழுதிக் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
ராஜாத்தி


வண்டன்மேடு
6.12.2022

அன்புள்ள மதினிக்கு,

சுகம் விசாரிக்கக் கை ஓடவில்லை. நீங்கள் எழுதியதை இவரிடம் படித்துக்காட்டினேன். நக்கல் பண்ணினார் என்று சொன்ன வாயை மூடிக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டார்.

எனக்கு அண்ணன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அது போன பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. இத்தனை மாதமாக அதை வைத்துத்தான் பாத்திரமே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நான் யாருக்காக அந்தக் குழம்பை வைக்க வேண்டும்? அண்ணன் நல்லாருக்கு என்று சொன்னாலும் பொய். நல்லா இல்லை என்று சொன்னாலும் பொய். அவர் இன்னொரு தடவை என் குழம்பை நம்பி, வாயில் வைத்து, ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியாது மதினி. அதற்கு நான் வராமல் இருப்பதே நல்லது.

மாரீஸ்வரி


மார்க்கையன்கோட்டை
18.12.2022

அன்பு மாரீஸ்வரிக்கு,

எல்லாரும் சுகம், உன் கால் சுகமா? இங்கே ஒரு புதுக் கூத்து நடக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்பு காபியை வாயில் வைத்தவர், "என்னடி இது, ரப்பர் தீயுற வாடை அடிக்குது" என்றார். அப்புறம் குளிக்கிற சோப்பு தீய்கிறது என்றார். என் தலையில் இருந்த மல்லிகைப் பூ தீய்கிறது என்றார். பூ தீய்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறாயா? ஒன்றுமே இல்லாததற்கு இது பரவாயில்லையா, இல்லை இன்னும் மோசமா என்று தெரியாமல் தேனிக்கு மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் சொன்னார், "அறுந்த ஒயரைத் திரும்ப முறுக்கும்போது லைட்டு தப்பும் தவறுமா எரியுமில்ல, அது மாதிரிம்மா. நல்ல அறிகுறிதான். முழுசா வருமா, எப்ப வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

அதிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் தீய்கிறது, தீய்கிறது என்று ஒரே பாட்டு. நாங்களும் "ஆமா, தீயுது" என்று சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கிறோம். உன் குழம்பும் அவருக்கு ரப்பராகத்தான் இருக்கும், அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் நீ கேட்டதற்கு ஒரு பதில் சொல்கிறேன். யாருக்காக வைக்க வேண்டும் என்றாயே, நாங்களெல்லாம் மனுசர் இல்லையா? எனக்கும் மதன்குமாருக்கும் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எங்களுக்காக வை. அவர் சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவர் பாடு.

இப்படிக்கு,
ராஜாத்தி


மார்க்கையன்கோட்டை
28.12.2022

தங்கச்சி மாரீஸ்வரிக்கு அண்ணன் கர்ணன் எழுதுவது.

இங்கே சுகம். மாப்பிள்ளையும் மருமகள் திரிஷாவும் சுகமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

சின்னமனூர் மார்க்கெட்டில் பச்சை மொச்சை வர ஆரம்பித்துவிட்டது. தோலுரித்து வைக்க ராஜாத்தியிடம் சொல்லியிருக்கிறேன். பூசணி நம் கொல்லையில் கிடக்கிறது. அவரை, கத்தரி, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி நான் வாங்கிவிடுகிறேன். நீ காய் தேட வேண்டாம்.

குழம்பு நீ வை. உப்பு பார்க்க ராஜாத்தி இருக்கிறாள். என்னால் முடியாது. ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

இனி டெய்லர் கடைக்கு எழுதாதே. உன் கடிதம் வந்ததும் வாசலில் நின்று ராஜாத்தியைக் கூப்பிடுகிற அந்தப் பெண்ணின் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கிறது. எனக்கு மூக்குத்தான் போயிருக்கிறது, காது இருக்கிறது.

போன பொங்கலுக்கு உன் குழம்பில் ஒரு குறையும் இல்லை.

கர்ணன்


வண்டன்மேடு
4.1.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். திரிஷாவும் நானும் போகிக்கு முன்னாலேயே வந்துவிடுகிறோம். இவருக்கு ஸ்டோரில் ஆளில்லை, வர முடியாது.

ஒரே நிபந்தனை. எனக்காக நல்லாருக்கு என்று பொய் சொல்லக் கூடாது. தீய்கிறது என்றால் தீய்கிறது என்றே சொல்லுங்கள். நான் கோபிக்கமாட்டேன்.

உங்கள் தங்கை
மாரீஸ்வரி


மார்க்கையன்கோட்டை
16.1.2023

அன்புள்ள திரிஷா அப்பாவுக்கு,

நானும் திரிஷாவும் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், டவர் இல்லை. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். தை முகூர்த்தம் முடிகிறவரை நான் இங்கேதான் இருக்கப் போகிறேன், அண்டா பக்கத்தில் மதினிக்குப் பதிலாக நான் நிற்கிறேன், அவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும்.

நேற்றுப் பொங்கல். வாசலில் கல் கூட்டி மதினி பானை வைத்தார்கள். நான் உள்ளே கேஸ் அடுப்பில் குழம்பு வைத்தேன். புளி ஊற்றி, ஏழு காயும் போட்டு, மதினி உப்புப் பார்த்து, "சரியா இருக்கு தாயி" என்று சொன்ன பிறகு அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். பால் பொங்குகிற நேரம், எல்லாரும் அங்கேதான் நின்றோம். அண்ணன் ஓரமாக உட்கார்ந்து கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து என்னிடம் மொச்சை, பூசணி தவிர வேறு எதுவும் பேசவில்லை.

திடீரென்று, "தீயுது" என்றார்.

மதினி பானையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "ஆமா, தீயுது. காபி தீயுது, பூவு தீயுது, இன்னைக்குக் கரும்பும் தீயுதா? சும்மா இருங்க, பால் பொங்கப் போகுது" என்றார்கள். நானும் மதன்குமாரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"இது அது இல்லைடி. ரப்பர் இல்லை. மொச்சை. மொச்சை அடி பிடிக்குது."

எங்களில் யாருக்கும் எந்த வாடையும் வரவில்லை. எங்கள் மூக்கில் விறகுப் புகைதான் இருந்தது. அவர் விடுவிடுவென்று உள்ளே போனார், நான் பின்னாலேயே ஓடினேன். அடுப்பைச் சிறிதாக வைத்ததாக நினைத்து நான் பெரிதாகத் திருப்பிவிட்டு வந்திருக்கிறேன். அண்ணன் கரண்டியைச் சட்டிக்குள் விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். அடியில் மொச்சை கருகி ஒட்டிக்கொண்டு வந்தது. கரண்டியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அடி பிடிச்சிருச்சு தாயி" என்றார். அதையே திரும்பச் சொன்னார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. வாசலில் பானை பொங்கியது. குலவை போட வேண்டிய மதினி, குலவையை மறந்துவிட்டு உள்ளே ஓடிவந்து, தீய்ந்த சட்டியைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டார்கள். தீய்ந்த குழம்பைக் கும்பிட்டவள் உலகத்தில் என் மதினி ஒருத்திதான்.

பந்தி போட்டோம். பொங்கல், அவரைப் பொரியல், வடை, எல்லாம் இருந்தது. குழம்பை அடி கலக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றியும் கருகல் வாடை போகவில்லை. ஆனாலும் ஒருத்தர் விடாமல் வாங்கிச் சாப்பிட்டோம். அண்ணன் ஒரு வாய் வைத்தார். போன வருசம் மாதிரியே எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம். "இந்த வருசமும் சொல்றேன் தாயி, குழம்பு நல்லா இல்லை" என்றார். இந்தப் பேச்சை வாங்கத்தானே நான் மலையிறங்கி வந்தேன். அப்புறம் சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எல்லா வாசமும் வந்துவிடவில்லை. இன்று காலைக் காபி இன்னும் ரப்பர்தானாம். சர்க்கரைப் பொங்கலில் நெய் வாசம் கொஞ்சம் வந்தது என்றார், முந்திரி வரவில்லை என்றார். வரும். மதினி நேற்றிலிருந்து வீட்டிலுள்ள டப்பாவையெல்லாம் ஒவ்வொன்றாக அவர் மூக்கில் கொண்டுபோய் வைக்கிறார்கள், அவர் எரிந்து விழுகிறார். வீடு நன்றாக இருக்கிறது.

நீங்கள் முடிந்தால் அடுத்த வாரம் ஒரு நடை வந்து போங்கள். வரும்போது ஸ்டோரில் இறங்கிய புது ஏலக்காய் கொஞ்சம் கட்டிக்கொண்டு வாருங்கள். பொட்டலத்தின் மேல் பெயர் எழுத வேண்டாம்.

உங்கள்
மாரீஸ்வரி